முடியை எடுப்பது பிரஷ்தான்



தீபாவளி நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களில் பட்சணத்துக்கும் புடவைக்கும் நடுவே, இந்தத் தள்ளுபடியில் எந்தச் சாமான் வாங்கலாம் என்ற கேள்வியும் இருக்கும். இம்முறை அதில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறது. சோபா, மெத்தை, கார் சீட் எங்கும் முடி. கையில் பிடித்துச் சுத்தம் செய்யும் சின்ன வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்கினால் தீருமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

இந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தையே ஒதுக்கியிருக்கிறேன். குட்டியாக இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சிய நாயை, ‘முடி கொட்டுகிறது, பிள்ளைக்குத் தும்மல் வருகிறது’ என்று யாருக்காவது கொடுத்துவிடும் வீடுகள் நம் ஊரில் நிறைய. வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் சில நாய்கள் தெருவுக்கே வந்துவிடுகின்றன. வீட்டுச் சாப்பாடும் மின்விசிறிக் காற்றுமாக வளர்ந்த ஒரு லாப்ரடாருக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. முடிக்கு வழி தெரிந்திருந்தால் அந்த நாய் அந்த வீட்டிலேயே இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் சின்னக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் கொட்டுவது எந்த வகை முடி என்று பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்களுக்கு உடம்போடு ஒட்டிய குட்டை முடி. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் குளிர் தேசத்தில் உருவான இனங்கள். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற முடி என்று அவற்றுக்கு இரண்டு அடுக்கு. பகல் நீள்வதையும் குறுகுவதையும் வைத்து அந்த ஊர்களில் வருடத்துக்கு இரண்டு பருவம் அடர்ந்து கொட்டும். இங்கே பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை, வீட்டுக்குள் இரவிலும் விளக்கு எரிகிறது. அதனால் பன்னிரண்டு மாதமும் ஏதோ ஒரு அளவில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. முடி குட்டை என்பதால் கொட்டாது என்று நம்பிப் பக் இன நாயை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கொட்டும் என்று சொல்வார்கள்.

பாரசீகப் பூனையின் நீள முடி துணியின் மேலேயே படிந்து கிடக்கும், தேய்த்தால் உருண்டு வந்துவிடும். லாப்ரடாரின் குட்டை முடி அப்படி வராது. விறைப்பாக இருப்பதால் துணியின் நெசவுக்குள் ஊசி மாதிரி இறங்கி நின்றுவிடும். நாம் திணறுவது பெரும்பாலும் இந்த முடியிடம்தான். எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் அது அசையாது. முதலில் அதைக் கிளறி எழுப்ப வேண்டும், பிறகுதான் உறிஞ்ச முடியும்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்கள் இந்த வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வாட் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பது அதில் இல்லை. பாஸ்கல் என்பது உறிஞ்சும் அழுத்தம். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் வாயை முழுக்க அடைத்துவைத்து அளந்த உச்ச அளவு. வாயை அடைத்தால் காற்று ஓடாது, காற்று ஓடாமல் ஒரு முடி கூட நகராது. 15,000 பாஸ்கல் என்று ஒரு பெட்டியிலும் 15 கிலோபாஸ்கல் என்று பக்கத்துப் பெட்டியிலும் இருந்தால் இரண்டும் ஒரே அளவுதான். முதல் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு ஏர் வாட். அது கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டு கருவிகளை ஒப்பிட உதவும். அந்த எண் பெரிதாக இருந்தாலும் வாயில் சுழலும் பிரஷ் இல்லையென்றால் சோபா முடிக்கு அந்தக் கருவி போதாது.

வெறும் வாய் மட்டும் உள்ள கருவி மேஜைத் தூசுக்கும் ஜன்னல் தண்டவாளத்துக்கும் போதும். அடுத்த வகையில் உள்ளே போகும் காற்றே பிரஷைச் சுழற்றும். தரையில் நன்றாகச் சுற்றும் இந்த பிரஷ், மெத்தையில் அழுத்திப் பிடித்தால் காற்றோட்டம் குறைந்து நின்றுவிடும், சரியாக நமக்குத் தேவைப்படும் இடத்தில். மூன்றாவது வகையில் பிரஷுக்கென்று தனியாகக் குட்டி மோட்டார் இருக்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் நாயும் பூனையும் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். பணம் அளவாக இருந்தால் மற்ற வசதிகளில் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் குறைக்காதீர்கள். பிரஷில் நார் முள்ளுக்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, ரப்பர் பட்டைகள் இருந்தால் நல்லது. ரப்பர் முடியைப் பற்றி இழுக்கும், சிக்கலும் குறையும். உருளையைத் திருப்புளி இல்லாமல் கழற்ற முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முடி போய்ச் சுற்றிக்கொள்வது உருளையின் இரு முனைகளிலும். அங்கே கை போகாவிட்டால் கொஞ்ச காலத்தில் அது சுழலவே மறுக்கும்.

பிரஷ் ஏதோ புதிதாகச் சேர்ந்த வசதி அல்ல. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம், குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்த வேண்டிய அளவுக்குப் பெரியது. வீட்டுக்குள் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடிய மின்கருவிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் முரே ஸ்பாங்ளர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் ஒரு கடையைப் பெருக்கித் துடைக்கும் வேலை அவருக்கு. ஆஸ்துமாக்காரர். விளக்குமாறு கிளப்பிய தூசு தாங்காமல், மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் வைத்து ஒன்று செய்தார். 1908இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியிலேயே சுழலும் பிரஷ் இருந்தது. ஹூவர் குடும்பம் அந்த உரிமையை வாங்கிய பிறகுதான் அது உலகம் முழுக்கப் போனது. கம்பி இல்லாமல் கையில் பிடிக்கும் வகையைப் பரவலாக்கியது 1979இல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த டஸ்ட்பஸ்டர். நம் நாட்டில் 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, கூடத்திலேயே இயக்கிக் காட்டி விற்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இயக்கிக் காட்டி விற்கும் அந்த வழக்கம் இன்று குறைந்துபோனது வாங்குகிறவர்களுக்கு நஷ்டம்.

ஸ்பாங்ளரின் ஆஸ்துமா அடுத்த விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. வீட்டில் தும்மலும் இளைப்பும் உள்ளவர் இருந்தால் பிரஷுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ஃபில்டர். பூனையால் வரும் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் முடியே அல்ல, ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் அது இருக்கிறது. பூனை தன்னை நக்கும்போது முடியில் ஏறி, காய்ந்து, மிக நுண்ணிய துகளாகிக் காற்றில் மிதக்கும். மட்டமான ஃபில்டர் உள்ள கருவி முன்வாயால் முடியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் இந்தத் துகளை அறை முழுக்க ஊதிவிடும். ஹெப்பா ஃபில்டர் என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். ‘ஹெப்பா டைப்’ என்று எழுதியிருந்தால் அந்த உறுதி இல்லை என்று பொருள். ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு இறுக்கமாக உட்காருகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். குப்பைக் கிண்ணத்தை வீட்டுக்கு வெளியே, ஒவ்வாமை இல்லாத ஒருவர் முகக்கவசம் அணிந்து காலி செய்வது நல்லது.

கழுவக் கூடிய ஃபில்டரைக் கழுவினால் ஒரு முழு நாளாவது காய விட வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் போதாது. ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் பிடிக்கும், மோட்டாரும் கெடும். வாங்கும்போதே இன்னொரு ஃபில்டரையும் சேர்த்து வாங்குங்கள். தனி ஃபில்டர் கிடைக்காத மாடலை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கு உரியது, மோட்டார் பிரஷை ஓட்டினால் வேகமாகக் குறையும். கழற்றி மாற்றக் கூடிய பேட்டரியாக இருந்தால் கருவி பல வருடம் உழைக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள். காரின் 12 வோல்ட் முனையில் செருகும் வகையும் உண்டு. அந்த முனை பெரும்பாலான கார்களில் 120 முதல் 180 வாட் வரைதான் தரும், சீட்டில் இறங்கிய முடியை எடுக்க அதில் ஓடும் கருவிக்குப் பலம் போதாது.

வீடு முழுக்கத் தரையைச் சுத்தம் செய்ய இதை வாங்க வேண்டாம். குனிந்து குனிந்து முதுகு போய்விடும். டைல்ஸ், மொசைக் தரையில் கிடக்கும் முடிக்கு ஈர மாப் நன்றாகவே வேலை செய்கிறது. பூந்துடைப்பம்தான் முடியைக் காற்றில் பறக்கவிடும். ரப்பர் கையுறையை லேசாக நனைத்துச் சோபாவில் ஒரே பக்கமாகத் தடவினால் முடி திரண்டு வரும். பணமே செலவில்லாத இந்த வழியை முதலில் செய்து பாருங்கள். அதோடு, வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்து நாயைத் தினமும் சீப்பால் வாரிவிட்டால் பாதி முடி வீட்டுக்குள்ளேயே வராது. இத்தனைக்கும் பிறகு மெத்தை ஓரம், சோபா இடுக்கு, திரையின் அடி, கார் சீட் மிச்சம் இருக்குமானால் அவற்றுக்குத்தான் கையடக்கக் கருவி. வீட்டில் பெரியவர்கள் கையாளப்போகிறார்கள் என்றால் கடையில் கொஞ்ச நேரம் கையை நீட்டித் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவைத் தாண்டினால் மணிக்கட்டு வலிக்கும்.

நாய்க்கு உண்ணி இருந்தால் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் அது ஒளிந்திருக்கும். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி இப்படிப்பட்ட இடங்களில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒல்லியான இடுக்கு முனையால் உறிஞ்சுங்கள், கிண்ணத்தை உடனே ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டி இறுகக் கட்டி வெளியே போடுங்கள். இதெல்லாம் மருந்துக்கு மாற்று ஆகாது, கால்நடை மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். வாந்தியையும் மூத்திரத்தையும் சாதாரணக் கருவியால் உறிஞ்சக் கூடாது. பூனைத் தொட்டியில் போடும் பென்டோனைட் களிமண்ணின் பொடி ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடும், அதைப் பெருக்கி அள்ளுவதே மேல். தீபாவளி வாரத்தில் இன்னொன்றும் உண்டு. மத்தாப்புச் சாம்பல், பட்டாசுத் தூள், சாம்பிராணித் தணல் எதையும் இதில் உறிஞ்ச வேண்டாம். ஒரு பொறி போதும், உள்ளே இருக்கும் முடி பற்றிக்கொள்ளும்.

இனி கருவியின் சத்தத்தைப் பற்றி. நமக்குக் கேட்பது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு ஏறத்தாழ 45,000, பூனைக்கு 64,000 வரை கேட்கும். சின்னக் கருவியின் மோட்டார் மிக வேகமாகச் சுழல்வதால் அதன் சத்தம் கீச்சென்று உயரத்தில் இருக்கும். நமக்கு எட்டாத பகுதியும் அவற்றின் காதில் விழும். வெடிச் சத்தத்தில் ஏற்கெனவே நடுங்கிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் நாயின் பக்கத்தில் புதுக் கருவியை அலறவிட்டால், பிறகு அதைக் கண்டாலே அது ஓடும். தள்ளுபடியில் இப்போது வாங்கினாலும் ஊர் அடங்கிய பிறகு பழக்குங்கள். முதல் சில நாள் ஓட்டாமல் தரையில் வைத்து, பக்கத்தில் பிடித்த தீனி போடுங்கள். முகர்ந்து பார்க்கட்டும். பிறகு அடுத்த அறையில் கதவைச் சாத்தி ஓட்டுங்கள். அது காதை மடக்காமல் சாப்பிடுகிறது என்றால் கதவைத் திறக்கலாம். இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை அந்த நாயும் பூனையும்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். அதற்கென்று செய்யப்படாத கருவியை அவற்றின் உடம்பில் வைக்கவே வேண்டாம்.

கடைக்குப் போகும் நாளில் சீப்பில் வந்த முடியில் ஒரு கைப்பிடியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே உங்கள் பழைய சோபா உறை ஒன்று. முடியைத் துணியில் போட்டுக் கையால் நன்றாகத் தேய்த்து இறக்கிவிட்டு, கருவியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், பணம் உங்களுடையது. ஓட்டிக் காட்ட மாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். எந்த மாடல் முடியை எடுத்தது, எது விட்டுவிட்டது என்று நமக்கும் எழுதுங்கள், பொங்கல் இதழில் மற்ற வாசகர்களுக்கு அதைத் தருகிறோம்.

உங்களுக்கும் உங்கள் வீட்டில் வாலாட்டும் உயிர்களுக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்