பருப்பு வாங்க போன் நம்பர் எதுக்கு?

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடைக்குள் நுழைகிறார் ஒருவர். அரை கிலோ துவரம் பருப்பு, ஒரு சோப்பு. காசை நீட்டுகிறார்.

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"நம்பர் போட்டாத்தான் சார் பில் வரும்."

பின்னால் பத்துப் பேர் கியூவில் நிற்கிறார்கள். நம்பரை ஒப்பித்துவிட்டு நடையைக் கட்டுகிறார் மனுஷன்.

பருப்புக்கும் போன் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! நம்பர் ஏறாத பில் வெறும் காகிதம். நம்பர் ஏறிவிட்டால் அதுவே சரக்கு. போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்கியதும் ஒரே நம்பரின் கீழ் வரிசையாகச் சேர்ந்துவிடும். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, வீட்டில் கைக்குழந்தை உண்டா, யாருக்காவது சர்க்கரை வியாதியா என்று கம்ப்யூட்டர் ஊகித்துவிடும். இப்படி லட்சக்கணக்கான பேரின் கணக்கை அலசிக் கொடுப்பது இன்று பெரிய தொழில்.

தொழிலே தப்பு என்று நாம் சொல்லவில்லை. எந்தச் சரக்கு ஓடும் என்று கடைக்காரர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். மளிகைக் கடை அண்ணாச்சியும் பற்று நோட்டு வைத்திருந்தார். ஆனால், அந்த நோட்டு கல்லாப் பெட்டியைத் தாண்டியதில்லை. இன்றைய நோட்டு எந்த ஊரில், யார் கையில் இருக்கிறது?

சென்னையில் தலைமையகம் உள்ள ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உள்பட, 2024-ல் டெலிகிராமில் கசிந்தன. நிறுவனம் ஐகோர்ட்டுக்குப் போனது. பிரீமியம் கட்டிய ஜனங்கள் எங்கே போவார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. நம்பர் தந்தால்தான் வியாபாரம் என்று கட்டாயப்படுத்துவது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. நம்பிக் கொடுத்த விவரத்தைச் சட்ட அனுமதி இல்லாமல் வெளியே கொடுப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. விவரங்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால், அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் தவணை வேறு!

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? தராசைச் சோதிக்கும் அதிகாரிகள் பில் போடும் இடத்தையும் ஒரு நடை எட்டிப் பார்க்கட்டும். 'நம்பர் தருவது உங்கள் விருப்பம்' என்று ஒவ்வொரு கவுண்டரிலும் போர்டு தொங்கட்டும்.

ஜனங்களும் வாயைத் திறக்க வேண்டும். "நம்பர் வேணாம்மா, பில் மட்டும் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அந்த நம்பரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்!