எண்ணெய் தேய்ப்பதெல்லாம் பஞ்சகர்மா ஆகுமா?

ஆடி பிறந்தால் நம் வயதுக்காரர்கள் பலருக்குக் கேரளா ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கே அது கர்க்கடக மாதம். மழைக்காலத்தில் உடம்பைச் சுத்தி செய்துகொள்வது அவர்களுடைய பழைய வழக்கம். இப்போது அதுவே 'மூன்று நாள் பேக்கேஜ்', 'ஏழு நாள் பேக்கேஜ்' என்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பாசத்தோடு பணம் கட்டி அனுப்புகிறார்கள். நாமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்தார்கள், நெற்றியில் தாரை விட்டார்கள், ஆவி பிடிக்க வைத்தார்கள் என்பார்கள். சுகமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது பஞ்சகர்மா இல்லை. அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படர் சொல்லும் சுத்திகள் ஐந்து: வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, ஆசனவாய் வழியே கஷாயம் செலுத்துவது, மூக்கில் மருந்து விடுவது, ரத்தம் வெளியேற்றுவது. எண்ணெய்த் தேய்ப்பும் ஆவியும் இவற்றுக்கு முன்னால் உடம்பைப் பக்குவப்படுத்துபவை.

முறையாகப் பேதிக்குக் கொடுப்பதென்றால், முதலில் மருந்து நெய்யை நாளுக்கு நாள் அளவு கூட்டி மூன்று முதல் ஏழு நாள் வரை குடிக்க வேண்டும். பிறகு எண்ணெய், வியர்வை. அதன் பின்தான் பேதி மருந்து. அதோடும் முடிவதில்லை. கஞ்சித் தண்ணீர், குழைந்த கஞ்சி, பயறு ரசம் என்று படிப்படியாக ஏறித்தான் வழக்கமான சாப்பாட்டுக்கு வர வேண்டும். நன்றாகச் சுத்தியானவருக்கு இதுவே ஏழு நாள். மூன்று நாள் பேக்கேஜில் இதையெல்லாம் எங்கே அடக்குவது?

பேக்கேஜ் வெறும் எண்ணெய்க் குளியல் என்றால் பணத்தோடு போயிற்று. அவசரக் கோலத்தில் நிஜமாகவே பேதி கொடுத்துவிட்டால்தான் ஆபத்து. நம்மில் பாதிப் பேர் பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள். பேதியில் நீரும் உப்பும் இறங்கினால் தலைசுற்றி விழுவோம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கஞ்சித் தண்ணீரோடு நின்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும். பழைய வைத்தியர்களுக்கும் இந்த எச்சரிக்கை இருந்தது. வாந்தி மருந்து கொடுக்கக் கூடாதவர்களின் பட்டியலில் குழந்தைகளோடு முதியவர்களையும் சரக சம்ஹிதை சேர்த்திருக்கிறது.

நான் ஆயுர்வேதத்துக்கு எதிரி இல்லை. நிதானமும் பத்தியமும் அதன் உயிர். அவற்றைக் கழித்துவிட்டு விற்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆகவே, போவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போன இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். நாடி பார்த்து முடிவு செய்வது படித்த வைத்தியரா, வரவேற்பில் இருப்பவரா? நான் சாப்பிடும் மாத்திரைகளை யார் கவனிப்பார்கள்? மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பத்தியம்? சரியான பதில் வராவிட்டால், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். பேதி மருந்து மட்டும் வேண்டாம்.