முகாரியை விட்டுவிடுங்கள்

"எதிர்க்கட்சி மீண்டும் முகாரி", "கூட்டணிக்குள் முகாரி ராகம்". எமது நாளேடுகளில் இத்தகைய தலைப்புகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முறையிடுபவன் எவனாயினும் அவன் முகாரி பாடுகிறான் என்று எழுதிவிட்டால் செய்தி ஆசிரியருக்கு அன்றைய வேலை முடிந்துவிடுகிறது.

முகாரி அழுகை ராகம் என்று யார் சொன்னது? தியாகராஜர் அந்த ராகத்தில் எதைப் பாடினார் என்று பாருங்கள். 'எந்தநின்னே' என்ற கீர்த்தனை சபரியின் பாக்கியத்தை எண்ணி வியக்கிறது. இராமனுக்குக் கனி கொடுத்து உபசரித்த அந்த மூதாட்டியின் கதையில் ஒப்பாரிக்கு என்ன வேலை? 'சங்கீத சாஸ்திர ஞானமு' இசையறிவு தரும் பேரின்பத்தைச் சொல்வது. 'ஏலாவதார' என்பதோ அவதாரம் எடுத்த காரணத்தை இராமனிடமே உரிமையோடு கேட்பது. அவரது முகாரியில் இரக்கம் உண்டு, உருக்கம் உண்டு. மூக்கைச் சிந்துதல் இல்லை.

ராகத்தின் நடையும் அப்படித்தான். ஏறும்போது காந்தாரத்தை விட்டு, ஸ ரி ம ப நி த ஸ என்று நிஷாதத்தைத் தொட்டுத் தைவதத்திற்குத் திரும்பியே மேல் ஸட்ஜத்தை அடைகிறது. இறங்கும்போது ஏழு சுரங்களும் வருகின்றன. ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். பைரவியிலும் இரண்டு தைவதங்கள் உண்டு. ஆயினும் பைரவியைக் கேட்டு எவரும் கண்ணைத் துடைப்பதில்லை. முகாரிக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவிதி?

பரம்பரையும் சாதாரணமானதன்று. 1550இல் இராமாமாத்தியர் எழுதிய 'ஸ்வரமேளகலாநிதி'யிலும், பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுதிய 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யிலும் மேளங்களின் வரிசையில் முதலாவதாக நிற்பது முகாரியே. அன்றைய முகாரி இன்றைய கனகாங்கியை ஒத்தது. இப்போது பாடப்படுவது கரகரப்பிரியாவின் ஜன்யமாகக் கொள்ளப்படுகிறது. உருவம் மாறியது, பெயர் நிலைத்தது. அந்தப் பெயரைத்தான் நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். (ஆகிரி பாடினால் அன்று சோறு கிடையாது என்றும் சொல்வார்கள். பாடிய வித்துவான்கள் எவரும் பட்டினியாற் செத்ததாகத் தெரியவில்லை.) எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் ஒப்பாரி வைத்த கிழவிகள் எவருக்கும் முகாரி தெரியாது. திரைப்படத்தில் யாராவது இறந்தால் வருவது பெரும்பாலும் சிவரஞ்சனியோ சுபபந்துவராளியோதான்.

சங்கீதப் பைத்தியம் ஒருவனின் மனத்தாங்கல் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, விளைச்சல் விழும் என்று கமக்காரர் கத்தினார்கள். அதனை ஒரு நாளிதழ் "விவசாயிகள் முகாரி" என்று தலைப்பிட்டு ஆறாம் பக்கத்து மூலையில் போட்டது. அவர்கள் சொன்னது ஏக்கருக்கு எத்தனை மூடை குறையும் என்ற கணக்கு. "முகாரி" என்ற ஒரே சொல்லால் அது புலம்பலாகிப் போயிற்று. கணக்கென்றால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். புலம்பலுக்கு யார் பதில் சொல்வார்? அந்த ஆண்டு நவம்பரில் அரசாங்கமே தடையைத் தளர்த்தியது. நெல் விளைச்சல் விழுந்தது. அந்தத் தலைப்பை எழுதியவர் இன்னும் தலைப்பு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

முறையீடு, எச்சரிக்கை, கண்டனம், கோரிக்கை என்று தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு பொருள் தருவது. கமக்காரர் சொன்னதற்கு "எச்சரிக்கை" என்று எழுதியிருந்தால் அது ஆறாம் பக்கத்துக்குப் போயிராது.