வளைவுகளுக்குப் பெயர் வையுங்கள், ஐயா!

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளில் இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பார்முலா 4 பந்தயம். அதற்கு முந்தைய டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போயிற்று. நடத்தலாமா கூடாதா, அரசுப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று அப்போது பேசாத வாய் இல்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என் சண்டை வேறு. மூன்றரைக் கிலோமீட்டர் தடம், அதில் 19 வளைவுகள். பத்திரிகைகளில் வந்த வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தொன்பது வரை எண்கள்தான். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று ஆளுக்கொரு கதை சொல்லும் இடங்களில் ஓடிய பந்தயம் அது. வளைவுக்கு வைக்க ஒரு பெயர்கூடவா கிடைக்கவில்லை?

"கூமாப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இவருக்கு ஏன் கார் பந்தயக் கவலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. இது கார் சமாசாரம் மட்டும் அல்ல. நம்மாட்களுக்கு இடத்தின் பெயர் மேலேயே அக்கறை போய்விட்டது. முதலில் எண் போடுகிறோம். அப்புறம் சம்பந்தமில்லாத பெயரை ஆணை போட்டு ஒட்டுகிறோம். கடைசியில் பணம் கொடுப்பவன் பெயரை எழுதிவிடுகிறோம். மூன்றும் தப்பு என்பதுதான் என் வாதம்.

பந்தயத் தடத்தின் வளைவுகளுக்கு மற்ற ஊர்களில் எப்படிப் பெயர் வந்தது என்று பாருங்கள். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் அந்தப் பெயர்கள் எனக்கு வெறும் சத்தமாகக் கேட்பதில்லை, பொருளோடு கேட்கின்றன. பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 1923 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. அங்கே ஒரு வளைவின் பெயர் 'தெர்த்ர் ரூழ்'. தமிழில் சொன்னால் செம்மேடு. இன்னோர் இடம் 'மெசோன் பிளான்ஷ்', அதாவது வெள்ளை வீடு. சாலையோரம் ஒரு வெள்ளை வீடு இருந்தது, அவ்வளவுதான். முல்சான், ஆர்னாழ் என்ற வளைவுகள் பக்கத்துக் கிராமங்களின் பெயர்கள். பெல்ஜியத்தில் ஸ்பா தடத்தின் முதல் வளைவு 'லா சூர்ஸ்', நம் பேச்சில் ஊற்று. அதைத் தாண்டி இறங்கினால் உலகம் முழுக்கப் பேர் பெற்ற 'ஓ ரூழ்', செந்நீர். அங்கே ஓடும் சிற்றோடையில் இரும்புச் சத்து இருப்பதால் தண்ணீர் செந்நிறம் காட்டும். ஓடையின் பெயரே வளைவுக்கும் ஆயிற்று.

மொனாக்கோவில் 1929 முதல் ஊருக்குள்ளேயே பந்தயம். முதல் வளைவில் ஊரின் காவல் தெய்வமான புனித தெவோத்தின் சிற்றாலயம் இருக்கிறது. வளைவின் பெயரும் அதுவே. துறைமுகத்தை ஒட்டிய ஒரு வளைவுக்கு 'தபாக்' என்று பெயர். வேறொன்றுமில்லை, புகையிலைக் கடை! கோடிக்கணக்கில் விலை போகும் கார்கள் ஒரு பொட்டிக்கடையின் பெயரைச் சொல்லித் திரும்புகின்றன. இன்னொரு வளைவு 'ரஸ்காஸ்', மீனின் பெயர். அந்தப் பெயரில் அங்கே ஒரு மதுக்கடை. கடைசி வளைவுக்கு மனிதரின் பெயர், அந்தோனி நோகேஸ். அவர்தான் அந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர்.

ஓடை, மேடு, கோயில், கடை. இவ்வளவுதான் சூட்சுமம். இதைக் கற்றுக்கொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதே இல்லை. வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போய் சதுரகிரி ஏறினால் போதும். குதிரை ஊற்று, வழுக்குப்பாறை, அத்தி ஊற்று, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவல் ஊற்று, பிலாவடிக் கருப்பு என்று மகாலிங்கம் சந்நிதி வரை பெயர்கள்தான் நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகின்றன. இவற்றை எந்தக் குழு கூடி முடிவு செய்தது? ஏறி இறங்கிய கால்கள் வைத்த பெயர்கள். வழுக்குப்பாறை என்று சொல்லும்போதே பெயர் நம்மை எச்சரித்துவிடுகிறது, பார்த்து நட என்று. அதையே 'இடம் 2' என்று எழுதியிருந்தால் யார் நிதானிப்பார்கள்?

"சரி, கிராமத்துச் சாலைக்கும் மலைப்பாதைக்கும் பெயர் தானாக வரும், புதிதாகக் கட்டிய தடத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். இதற்கும் பதில் உண்டு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடம் இரண்டாம் உலகப் போர்க் கால விமானத் தளம். வெட்டவெளி. 1948ல் அங்கே பந்தயம் தொடங்கியபோது சுற்றுமுற்றும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பாழடைந்த பழைய தேவாலயத்தின் நினைவாக பெக்கெட்ஸ், பக்கத்துப் பள்ளியின் பெயரால் ஸ்டோ, சிறு தோப்பு இருந்ததால் காப்ஸ், விமானக் கொட்டகைகள் நின்ற நேர்சாலைக்கு ஹாங்கர். நம் சோழவரமும் அதே போர்க் கால விமானத் தளம்தான். 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு அதே சங்கம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் கட்டி 1990ல் திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஊரின் பெயரிலேயே பெருங்காடும் கோட்டையும் இருக்கின்றன. ஆனால் பந்தயக்காரர்கள் பேசுவதோ சி1, சி2, சி3! தில்லிக்கு அருகே 2011ல் திறந்த புத்தா தடத்திலும் இதே கதைதான்: 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள், 16 எண்கள்.

எண் வசதியானது என்று ஒரு வாதம். கொடி காட்டுபவர், ஆம்புலன்ஸ்காரர், கம்பியில்லாக் கருவியில் பேசுபவர், எல்லாருக்கும் எண்தான் சுலபமாம். எண் மேல் எனக்குப் பகை கிடையாது. அரசாங்கத்தில் எண்களை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஒவ்வொரு வயலுக்கும் புல எண் இருக்கிறது. பத்திரத்தில், பட்டாவில், சிட்டாவில் அந்த எண்தான். அதற்காக யாராவது வீட்டில், "சர்வே எண் இத்தனைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வாடா" என்று மகனை அனுப்பியதுண்டா? புளியமரத்து வயல், கோயில் வயல், மேட்டாங்காடு என்றுதானே சொல்கிறோம்? எண் பதிவேட்டுக்கு, பெயர் பழக்கத்துக்கு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சில்வர்ஸ்டோனிலும் எண் உண்டு. பெயரும் உண்டு.

பெயர் இல்லாததால் இன்னொரு நஷ்டம், நினைவு. ஜப்பானில் சுசூகா தடம் 1962ல் திறந்த ஆண்டே எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற ஜெர்மன் மோட்டார் சைக்கிள் வீரர் ஒரு வளைவில் விழுந்தார். அது இன்றும் டெக்னர் வளைவு. இத்தாலியின் மோன்சாவில் 1955ல் அல்பெர்தோ அஸ்காரி இறந்த இடத்துக்கு இன்று அஸ்காரி என்றே பெயர். அந்தப் பெயரைச் சொல்லாமல் ஒரு இளைஞன் அங்கே வண்டி ஓட்டப் பழக முடியாது. நம் இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் 59 வயதான மூத்த கார் பந்தய வீரர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் பைக் பந்தயத்தில் உயிரிழந்தான். இரண்டு நாள் செய்தியோடு அது முடிந்தது. எண்ணுக்கு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

அடுத்தது ஆணைப் பெயர். ஏலகிரி மலைச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பாரியின் பறம்பு மலை எங்கே, ஏலகிரி எங்கே? வேடிக்கை கேளுங்கள்: வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டவன். அவனுக்கு ஏலகிரியில் வளைவு கிடைத்தது. அவனுடைய சொந்தக் கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகள் இருந்தும் அத்தனைக்கும் எண்தான் பலகையில்! அந்த எழுபதையும் ஏறி முடித்தால் வரும் ஊரின் பெயர் என்ன தெரியுமா? செம்மேடு. லெ மானின் 'தெர்த்ர் ரூழ்' நம்மிடமே இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளில் ஒன்பதாவதுக்கு மட்டும் லோம்ஸ் காட்சிமுனை என்று தனிப்பெயர் நிலைத்திருக்கிறது. லோம் அந்தச் சாலையைப் போட்ட வெள்ளைக்காரர். அவர் வேலை செய்த இடம், அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு 'கரி' என்று பெயர் வைத்ததும் அப்படிப் பொருந்துகிறது. குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்து, 1995ல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயர் அது. ஆள் பெயர் வைப்பதில் தவறில்லை. அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும் உறவு இருக்க வேண்டும்.

மூன்றாவது, விளம்பரப் பெயர். மொனாக்கோவில் ஒரு கொண்டை ஊசி வளைவு முன்பு ரயில் நிலையத்தின் பெயரால் வழங்கியது. நிலையம் போய் ஓட்டல் வந்ததும் ஓட்டலின் பெயரானது. ஓட்டல் கைமாறியதும் மறுபடி மாறியது. சுசூகாவின் கடைசித் திருப்பத்துக்குக் கடிகாரக் கம்பெனி காசியோவின் பெயர் இருந்தது, பிறகு ஹிட்டாச்சி வந்தது. காசு கொடுத்தால் பெயர், கொடுப்பது நின்றால் வேறு பெயர். "தபாக்கும் கடைதானே?" என்று மடக்க வேண்டாம். கடைக்காரன் அங்கே பிழைப்பு நடத்தினான், ஜனங்கள் கூப்பிட்டார்கள், பெயர் நின்றது. தியேட்டர் இடிந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பஸ் ஸ்டாப்புக்குத் தியேட்டர் பெயரே நிற்பதை நாம் பார்க்கவில்லையா? ஜனங்கள் கொடுத்த பெயரைக் காலி செய்ய யாராலும் முடியாது. வாடகைப் பெயருக்கு அந்தப் பலம் கிடையாது.

ஆகவே சென்னையில் மறுபடி பந்தயம் நடத்துவதானால் ஒரு யோசனை. சிங்கப்பூரில் 2009ல் பொதுமக்களிடம் போட்டி வைத்து மூன்று வளைவுகளுக்குப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒன்று போர் நினைவிடத்தை ஒட்டி 'மெமோரியல்'. நமக்கும் நேப்பியர் பாலத்தருகே போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. சிவானந்தா சாலையில் தூர்தர்ஷன் இருக்கிறது. நம் தலைமுறை வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்த்தது அந்தக் கட்டடத்தின் தயவில். கொடிமரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூவம் இருக்கிறது. செந்நீர் ஓடைக்கு உலகப் புகழ் கிடைக்கும்போது கூவம் வளைவு என்று சொல்ல வெட்கம் எதற்கு? அந்தப் பெயரை உலகமே உச்சரிக்கும் என்று தெரிந்தாலாவது ஆற்றைச் சுத்தம் செய்ய ஒரு உறுத்தல் வரும்.

கடைசியாக நம் ஊர்க்காரர்களுக்கு. இப்போது கூமாப்பட்டி என்றால் ஊரெல்லாம் தெரிகிறது. செல்போனில் பார்த்துவிட்டுப் பிளவக்கல் அணைக்கு வண்டி கட்டி வருகிறார்கள். கூட்டம் வந்தால் பலகை வரும், வரைபடம் வரும். பலகை எழுத வருகிறவர் வெளியூர்க்காரராக இருப்பார். அவருக்கு எண்தான் தெரியும். அதற்குள் அணைக்குப் போகும் பாதையில், கண்மாய்க்கரையில், மலையடிவாரத்தில் உள்ள ஒவ்வொரு திருப்பத்துக்கும் நம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுபது எண்பது வயதுக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறோம். பேரப் பிள்ளைகள் கையில் பேனாவைக் கொடுத்து எங்களைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர்களைச் சொல்ல நாங்கள் தயார்.