டீக்கடை இல்லாத வீடியோ

திருப்பூரில் அந்த வீடியோவைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. 2023 ஜனவரி கடைசி. பனியன் கம்பெனிகள் இருக்கும் ஒரு தெருவில் வடமாநிலத் தொழிலாளர்கள் கட்டையும் பெல்ட்டுமாகக் கும்பலாக ஓடிவருகிறார்கள். நம்மூர் ஆட்கள் சிலர் தப்பித்து ஓடுகிறார்கள். "நம்ம ஊர்லயே நமக்கு அடியா?" என்று ஒரு வரி ஒட்டி எங்கள் தெருக் குழுவுக்கு வந்தது. இன்னும் இரண்டு குழுக்களுக்கு அதைத் தள்ளிவிட்டுத்தான் நான் டீ குடிக்கப் போனேன்.

பிறகு போலீஸ் விளக்கம் வந்தது. டீக்கடையில் சிகரெட் புகை விட்டதில் தொடங்கிய தகராறாம். அதுவும் சில நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்ததாம். வீடியோவில் டீக்கடையே இல்லை. யார் முதலில் வாயை விட்டார், யார் முதலில் கை ஓங்கினார், எதுவும் இல்லை. விளக்கத்தை நான் படித்தேன். எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. என் போனுக்கும் எவரும் அனுப்பவில்லை.

பிப்ரவரியில் இன்னொன்று. கூட்டம் நெரியும் அன்ரிசர்வ்டு பெட்டிக்குள் ஒருவர் வடமாநில இளைஞர்களைத் திட்டித் திட்டி அடிக்கிறார். அவர்கள் கையைக்கூடத் தூக்கவில்லை. அடித்தவரை ரயில்வே போலீஸ் கைது செய்தது. கண்டித்தவர்கள் நம்மில் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. "அடிச்சது தப்புதான், ஆனா..." என்று இழுத்தவர்களும் நாம்தான். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்னவெல்லாம் வரும் என்று நமக்குத் தெரியும். பான் எச்சில், ரிசர்வேஷன் பெட்டியில் ஏறி உட்காருவது, பானிபூரிக்காரர் கை. எல்லாம் ரீல்ஸில் பார்த்துச் சிரித்தவை. வடக்கன் என்பது திசையைச் சொல்லும் சொல்லாகத்தான் இருந்தது. வசவாக்கியது நம் சிரிப்பு.

மார்ச்சில் நம் முறை வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு கிளம்பி இங்கே வந்து விசாரித்தது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, பரவியவற்றில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரு தரப்பாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கினார். ஒரு வீடியோவைப் பாட்னாவில் வாடகை வீட்டில் ஆள்வைத்து நடிக்கவிட்டு எடுத்ததாகப் பீகார் போலீசே சொன்னது. மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் கைதாகி மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார்.

நமக்கு ரத்தம் கொதித்தது. வந்தாரை வாழவைக்கும் தமிழகத்தையா இப்படிச் சொல்வது என்று ஸ்டேட்டஸ் வைத்தோம். கோபம் நியாயம்தான். ஆனால் இந்த வாசகம் ஜனவரியில் எங்கே போயிருந்தது? அவர்கள் பரப்பியது பொய், நாம் பரப்பியது நிஜமாக நடந்தது என்று கொஞ்ச நாள் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்ததுதான். தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் ஊருக்குக் காட்டினோம்.

அந்த ஆண்டு மார்ச் 8 ஹோலி. வடமாநிலத் தொழிலாளர்கள் வழக்கமாகவே ஊருக்குப் போகிற சமயம். ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றவர்களில் பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். இந்தி தெரியாதே என்போம். அவர்களில் பலர் நம் மளிகைக்கடையில் தமிழில்தான் வெங்காயம் கேட்கிறார்கள்.

அந்த வாரம் ஊரில் நடந்த பேச்சையும் மறைக்கக் கூடாது. "இவனுங்க திரும்பி வரலேன்னா ஆர்டர் என்னாகும்? பவர் டேபிள்ல யார் உட்காருவா?" முதலாளிகள் மட்டும் இதைப் பேசவில்லை. எழுதுகிற நாங்களும் ஷிப்மென்ட்டைப் பற்றித்தான் எழுதினோம். லைன் வீட்டில் ஒரே அறைக்குள் ஆறு பேர், எட்டுப் பேர் படுத்திருக்க, ராத்திரியில் ஊரிலிருந்து அம்மா போனில் அழுதால் அந்தப் பையன் என்ன சொல்வான்? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, "இவரையே கேளும்மா" என்று போனை நீட்ட அவனுக்கு ஆள் உண்டா? அரசாங்கம் உதவி எண்ணை அறிவித்து, இந்தியில் அறிவிப்பு போட வேண்டியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நாம் இருந்தோம்.

வந்ததை அப்படியே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பது நாம் முன்னமே பட்ட பாடம். 2018இல் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம், பிள்ளை பிடிக்க வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் கிளம்பியது. குலதெய்வம் கும்பிடப் போளூர் அருகே வந்த, 60 வயதைத் தாண்டிய ஒரு சென்னை அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றது. அவர் பேசியதும் தமிழ்தான். அடித்ததையும் வீடியோ எடுத்தார்கள். அதுவும் நம் போனுக்கு வந்தது. நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்குமேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. வைத்தது கம்பெனி. நாமாக வைத்துக்கொண்டது ஒன்றுமில்லை.

அந்த ஜனவரி வீடியோ உங்கள் போனில் இன்னும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், டீக்கடையில் தொடங்கியது என்று போலீஸ் சொன்னதையும் சேர்த்து மறுபடி போடுங்கள். போன வாரம் எங்கள் தெருக் குழுவில் நான் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் ஒன்றும் வரவில்லை.