சொல்லும் பொருளும்: வாத்தும் கடிவாளமும்

ஹாலந்து தேசத்தாரின் டச்சு பாஷையில் 'பிட்' என்றொரு சொல் உண்டு. கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் கிடக்கும் இரும்புக்கு அது பெயர். தென் சீனத்தில் குவாங்ஸீப் பிரதேசத்துச் சுவாங் மக்களோ 'பிட்' என்றால் வாத்து என்று கொள்வர். சந்தர்ப்பம் வேறாயின் எழுதுகோல் என்றும் கொள்வர். ரோமன் லிபியில் இரண்டிடத்தும் அதே மூன்று எழுத்துக்கள். இருவரையும் ஒரே குலத்தவராக்கிவிட நம்மில் சிலருக்கு இவ்வளவு போதும்!

சுவாங்கின் வாத்து, உறவுப் பாஷைகளான தாய், லாவோ இரண்டிலும் 'பெட்' என வழங்குகிறது. எழுதுகோல் சீனரிடம் பெற்ற கடன். பீகிங் பேச்சில் அச்சொல்லின் ஈறு தேய்ந்து 'பீ' என நிற்க, சுவாங்கில் பழைய 'ட்' இன்னும் அழியாதிருக்கிறது. கொடுத்தவன் தொலைத்ததை வாங்கியவன் காப்பது பாஷைகளில் சகஜம். மேலும், 1957-ல் சுவாங்குக்கு ஏற்பட்ட ரோமன் லிபியில் அந்த முதலெழுத்து நம் 'பல்' என்பதன் பகரத்தையே குறிக்கும். ஆகவே ஒலியும் முற்றும் ஒன்றன்று.

டச்சு 'பிட்' கடித்தலைக் குறிக்கும் வினையோடு சேர்ந்தது. நம் கடிவாளத்திலும் 'கடி' முன் நிற்கிறதே எனலாம். அது கருத்தொற்றுமை, இரத்த சம்பந்தமன்று. (கணிப்பொறியார் கூறும் 'பிட்' வேறு, 1948-ல் ஷானனின் கட்டுரையில் அச்சேறிய ஆங்கிலச் சுருக்கம் அது.)

மெய்யான உறவு எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. பிளத்தலைக் குறிக்கும் வடமொழித் தாது 'பித்'. அதிலிருந்து வந்து தமிழில் வழங்குவது 'பேதம்'. டச்சுக் கடிவாளத்துக்கு இதுவே தாயாதி. காதுக்கு ஒவ்வாவிடினும் சான்று வலியது. வடமொழியில் தகரம் மெலிந்தொலிக்கும் இடத்தில் டச்சில் 'ட்' வருவது நியதி: த்வி, ட்வே, தச, டீன், தந்தம், டண்ட். இத்தகைய ஒலிமாற்றங்களை ஜெர்மானியப் பண்டிதர் கிரிம் 1822-ல் முறைப்படுத்திக் காட்டினார்.

உறவுக்குச் சான்று இந்த ஒழுங்கே. தனிச் சொல்லின் சாயல் அன்று. தமிழுக்குப் பெருமை தேடுவோர் இதைத் தள்ளிவிட்டு எழுதும்போது, பிறர் நகைக்க இடமளிப்பது தமிழுக்கே. "பிட்டுத் தின்கிறோமே, டச்சுச் சொல் அதிலிருந்தே வந்தது" என ஒருவர் சாதிக்கக்கூடும். அவர் அதே ஒலிமாற்றம் காட்டும் பத்துச் சொற்களைக் கொண்டுவரட்டும். அதுவரை பிட்டு நம் அடுக்களையிலேயே இருக்கலாம்.