பால்கோவாவில் என்ன பாவம்?

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், திருவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் நின்று பால்கோவா உண்ணும் நம் குடும்பங்களை 'உலகப்பற்று' என்று மறையுரையில் சாடுகிறோம். நானும் சாடியவன்தான்; அதற்காக வெட்குகிறேன். இராஜபாளையம் பஞ்சாலையில் ஆண்டு முழுதும் ஷிப்டு மாறி மாறி உழைக்கும் தகப்பன், பிள்ளைகளோடு பேருந்தேறிச் சுமார் 12 கிலோமீட்டர் வந்து கால் கிலோ வாங்கிப் பகிர்ந்தால், அதில் எந்தக் கட்டளை மீறப்பட்டது? பெருந்தீனிக்காரர் என்ற பழியை ஆண்டவரே சுமந்தார். உயிர்த்த பின்னும் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடரை உண்ண அழைத்தார்.

சாடியே தீரவேண்டுமெனில் வேறு பொருள் இருக்கிறது. பாலும் சர்க்கரையுமான அப்பண்டம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை அடுப்பனலில் நின்று கிளறுபவருக்குத் திருநாளன்று விடுப்பு உண்டா? கடை முதலாளிகளாகிய நம் பங்கு மக்களிடம் இதைக் கேட்க நமக்குத் துணிவு உண்டா?